சிவப்புக்குத் தகுதி இல்லாத வீடு

மெரிடித் ஊரில் விரைவு அலுவலகம் திறந்த அன்று ராணுவ முகாமிலிருந்து பேண்டு வாத்தியம் வந்தது. ரிப்பன் வெட்ட வேண்டிய கத்தரிக்கோலை யாரோ காரில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். சாவி வரும்வரை வாத்தியக்காரர்கள் தேசிய கீதத்தையே திரும்பத் திரும்ப வாசித்தார்கள். ஒவ்வொரு முறையும் நாங்கள் நெஞ்சில் கை வைத்து நின்றோம். அமெரிக்கத் தெற்கில், ஜார்ஜியாவின் ஆகஸ்டு வெயிலில் அது ஒரு பக்தியான காரியம்.

அலுவலகத்தின் முழுப் பெயர், ராணுவ மற்றும் அரசு ஒப்பந்த ஊழியர் குடும்பங்களுக்கான குடியேற்ற விரைவுப் பிரிவு. முகாமை நம்பிப் பிழைக்கிற ஊர் எங்களுடையது. பாதிப் பேர் சிப்பாய்கள். மீதிப் பேர் சிப்பாய்களுக்குச் சமைக்கிறவர்கள், முடி வெட்டுகிறவர்கள், அவர்களுடைய இயந்திரங்களைப் பழுது பார்க்கிறவர்கள். வேலைக்குப் போன நாட்டில் மனசைக் கொடுத்துவிட்டுத் திரும்புவது இவர்களிடம் சகஜம். அதனால் எங்கள் தெருக்களில் கணவன் இங்கேயும் மனைவி ஏதோ ஒரு கடலுக்கு அப்பாலும் இருக்கிற வீடுகள் உண்டு. விசா வருகிறபோது வரும். அதைச் சீக்கிரம் வரவழைப்பதற்காகத்தான் இந்த அலுவலகம்.

டைரக்டர் பிரெண்டிஸ் வார்ட்லோ மேடை ஏறினார். அவர் ராணுவத்தில் இருந்ததில்லை. ஆனால் ராணுவத்தின் மேல் அளவற்ற பிரியம். அலுவலகக் கூடத்தைக் களம் என்றுதான் சொல்வார்.

"அன்பார்ந்த குடும்பங்களே! வேகம் என்பது ஒரு மரியாதை. மரியாதையை அவசரப்பட்டுக் கொடுத்துவிட முடியாது. இந்த நாட்டுக்காகக் காத்திருந்து பழகியவர்கள் நீங்கள். அந்தப் பழக்கத்தை நாங்கள் வீணாக்க மாட்டோம்."

எல்லோரும் கை தட்டினோம். வெர்லின் ஸ்ட்ரவுட் மற்றவர்களைவிடப் பலமாகத் தட்டினான். அவனுக்குத்தான் அவசரம்.

வெர்லின் முகாமில் ஜெனரேட்டர் பழுது பார்க்கிறவன். ராணுவத்துக்காரன் அல்ல, ஒப்பந்தக் கம்பெனிக்காரன். என் வீட்டுக்கு நேர் எதிர்வீடு. முதல் மனைவி இறந்தபோது மகள் ஜோஸிக்கு இரண்டு வயது. பிறகு பாலைவன முகாம் ஒன்றில் வேலை பார்த்தபோது அங்கே சமையல்கூடத்தில் இருந்த மரிவிக்கைச் சந்தித்து, அவள் ஊரான பிலிப்பைன்ஸுக்குப் போய், அவள் சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னிலையிலும் கல்யாணம் செய்துகொண்டு வந்தான். மரிவிக் அங்கே விசாவுக்குக் காத்திருந்தாள். இப்போது கம்பெனி அவனை மறுபடி ஒரு வருடத்துக்குப் பாலைவனத்துக்கு அனுப்புகிறது. நவம்பரில் கிளம்ப வேண்டும். அதற்குள் மரிவிக் வந்துவிட்டால் ஜோஸி தன் வீட்டிலேயே இருக்கலாம். வராவிட்டால் நாட்டின் மறுகோடியில், ஐடஹோவில் இருக்கிற ஒரு தூரத்துச் சொந்தக்காரரிடம் போக வேண்டும். அந்தச் சொந்தக்காரரை ஜோஸி ஒரே ஒரு முறை, ஒரு சவ அடக்கத்தில், பார்த்திருக்கிறாள்.

அவனுடைய ஒரே தம்பி ராய்ஸ் சிப்பாய். அவனும் வெளிநாட்டில் இருந்தான். ஆக, குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டு மனிதர் என்று வேறு யாரும் இல்லை.

முதல் நாளே வெர்லின் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு அலுவலகத்துக்குப் போனான். ஜன்னலில் ட்விலா என்ற பெண்மணி இருந்தார்.

"வாங்க கண்ணு. எப்படி இருக்கீங்க?"

ஜார்ஜியாவில் நல்ல தாய் வளர்த்த பிள்ளை இந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் சொல்வான். "நல்லா இருக்கேன் மேடம். உங்க புண்ணியம். நீங்க எப்படி இருக்கீங்க?"

ட்விலா கம்ப்யூட்டரில் தட்டினார். பிறகு வருத்தத்தோடு நிமிர்ந்தார்.

"நல்லா இருக்கேன்னு சொல்லிட்டீங்களே கண்ணு."

"சும்மா மரியாதைக்குச் சொன்னேன் மேடம்."

"அதுதான் முதல் கேள்வி. 'நலமாக உள்ளார்'னு ஏறிடுச்சு. இனி அழிக்க முடியாது."

அப்போதுதான் அவனுக்கு வண்ணங்களைப் பற்றி விளக்கினார்கள். ராணுவத்தில் ஒரு படை போருக்குத் தயாரா என்று பச்சை, மஞ்சள், சிவப்பு என்று குறிப்பார்கள். டைரக்டர் அதை அப்படியே குடும்பங்களுக்குக் கொண்டுவந்திருந்தார். சமாளித்துக்கொண்டிருக்கிற குடும்பம் பச்சை. தள்ளாடுகிற குடும்பம் மஞ்சள். விழுந்துவிட்ட குடும்பம் சிவப்பு. சிவப்புக்கு மட்டும்தான் வேகம்.

"நான் விழுந்ததுக்கப்புறம் அவ வந்து என்ன மேடம் பிரயோஜனம்? விழாம இருக்கத்தானே வரச் சொல்றேன்?"

"நல்ல கேள்வி கண்ணு. இவ்வளவு நல்லா கேள்வி கேக்குறவங்க பச்சை."

பக்கத்து ஜன்னலில் இன்னொரு சிக்கல். அங்கே திருமணம் உண்மையானதுதானா என்று பார்த்தார்கள். கணவனும் மனைவியும் ஒன்றாக வாழ்ந்ததற்குச் சான்று வேண்டும். முதல் ஜன்னலிலோ பிரிந்து வாடுவதற்குச் சான்று வேண்டும். வெர்லின் இரண்டு ஜன்னலுக்கும் நடுவில் நின்று, இந்தப் பக்கம் அவளோடு இருந்ததையும் அந்தப் பக்கம் அவள் இல்லாததையும் மாறி மாறிச் சொன்னான். இரண்டு பேரும் அவனைச் சந்தேகமாகப் பார்த்தார்கள்.

"நான் பேசாம இந்த வேலைய விட்டுட்டு வீட்டிலேயே இருந்துடட்டுமா?" என்று கேட்டான்.

"விட்டுடலாம்" என்றார் ட்விலா. "ஆனா அப்புறம் நீங்க ஒப்பந்த ஊழியர் இல்ல. இந்தக் கதவுக்குள்ளயே வர முடியாது."

அவனைப் போலப் பச்சையாகிப் போனவர்களுக்காக அலுவலகம் ஒரு பயிற்சி வகுப்பு நடத்தியது. தங்கள் கஷ்டத்தைச் சரியாக எடுத்துச் சொல்லத் தெரியாததால் எத்தனையோ நல்ல குடும்பங்கள் பின்தங்கிப் போவது டைரக்டரைப் பாதித்திருந்தது. ட்ராஸ்க் என்ற இளம் அதிகாரி திரையில் படங்கள் போட்டுக் கற்பித்தார்.

முன்வரிசைப் பெண் எழுந்தாள். "என் வீட்டுக்காரரை நினைச்சா ராத்திரி தூக்கம் வரதில்ல சார்."

"நல்லது. ஆனா வாக்கியத்த முடிச்சிட்டீங்க. பாதியில தொண்டை அடைக்கணும். முடிஞ்ச வாக்கியம்லாம் பச்சைதான். அடுத்து, மிஸ்டர் ஸ்ட்ரவுட்?"

வெர்லின் தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு எழுந்தான். "மனைவி இல்லாம எனக்குச் சாப்பாடே..."

"பிரமாதம். அங்கேயே நிறுத்துங்க."

அன்று பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்காததால் கூடவே வந்திருந்த ஜோஸி தலையைத் தூக்கினாள். "டாடி, காலைல நாலு பிஸ்கட் ரொட்டி சாப்பிட்டீங்களே. கிரேவியோட."

வகுப்பு சிரித்தது. வெர்லின் உட்கார்ந்துகொண்டான். "மன்னிச்சுக்கோங்க சார். பொய் எனக்கு வராது. ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போறவன் நான்."

"சர்ச்சுக்கா? அங்க உங்களுக்கு உதவி செய்யறவங்க இருக்காங்களா?"

"ஐயோ, நிறைய பேரு சார். தங்கமான ஜனங்க. வாரத்துல பாதி நாள் சமைக்கவே விடமாட்டாங்க."

ட்ராஸ்க் பேனாவை எடுத்தார்.

இப்படித்தான் வீட்டுச் சோதனை வந்தது. அவனுக்கு எவ்வளவு உதவி கிடைக்கிறது என்பதை அதிகாரிகள் நேரில் பார்ப்பார்கள். வெள்ளிக்கிழமை என்று சொல்லியிருந்தார்கள்.

புதன்கிழமை மாலை ஜெபம் முடிந்ததும் பாஸ்டர் எல்டன் யான்ஸி எங்களை உட்கார வைத்தார். அவர் சத்தமாகப் பேசத் தெரியாத மனிதர். அன்று அவருடைய முகம் சரியில்லை.

"பிரியமானவங்களே, நம்ம சகோதரனுக்கு நாம செய்யற உதவியே இடைஞ்சலா வந்திருக்கு. அதனால வெள்ளிக்கிழமை யாரும் அந்த வீட்டுப் பக்கம் போகக் கூடாது. அவன் ஃப்ரீசர்ல இருக்கறத எல்லாம் நாளைக்குச் சாயங்காலம் எடுத்துட்டு வந்துடணும்."

"நான் சுட்ட பீச் பழப் பை ஒண்ணு கூடவா வைக்கக் கூடாது பாஸ்டர்?" இது மிஸ் ஓப்பல். எழுபது தாண்டியவர், இடுப்பு ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியிருந்தார். அதுவரை ஜோஸியைப் பார்த்துக்கொண்டவர் அவர்தான்.

"ஒரு துண்டு கூட வேணாம் சிஸ்டர்."

"என் வயசுல இப்பதான் முதல் தடவையா சர்ச்சுல இப்படி ஒரு பிரசங்கம் கேக்கறேன்."

"எனக்கும் இதுதான் முதல் தடவை" என்றார் பாஸ்டர். பிறகு, வெள்ளிக்கிழமை நாங்கள் செய்யப்போகிற அலட்சியத்துக்காகக் கர்த்தரிடம் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டு ஜெபித்தார். நாங்கள் ஆமென் சொன்னோம், அரை மனசோடுதான்.

ஆனால் அதிகாரிகள் வியாழக்கிழமை காலையிலேயே வந்துவிட்டார்கள். விரைவுப் பிரிவு அல்லவா?

வருவதற்கு முன் டைரக்டர் அவர்களுக்கு ஒரு வழிமுறை வகுத்துக் கொடுத்திருந்தார். ராணுவத்தோடு சம்பந்தப்பட்ட குடும்பத்தின் கதவைச் சாதாரணமாகத் தட்டக் கூடாது. இரண்டு பேர் போக வேண்டும். கறுப்பு உடுப்பு. வாசலுக்குச் சற்று முன்பாகவே காரை நிறுத்திவிட்டு, பக்கத்தில் பக்கத்தில், நிமிர்ந்து நடக்க வேண்டும். சிரிக்கக் கூடாது. முதலில் வீட்டுக்காரரின் முழுப் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். அவர் இதை ஏதோ ஒரு படத்தில் பார்த்திருந்தார். அந்தக் காட்சி எதற்காக வந்தது என்பது மட்டும் நினைவில்லை.

முகாம் ஊரில் அப்படி இரண்டு பேர் நடந்து வந்தால் அது ஒரு சிப்பாயின் சாவுச் செய்தி என்று நாய்க்குக்கூடத் தெரியும். நான் சமையலறை ஜன்னலில் நின்றிருந்தேன். கறுப்பு உடுப்பில் ஓர் அம்மாளும் ஓர் இளைஞரும் எதிர்வீட்டுப் படி ஏறுவதைப் பார்த்ததும் என் கையிலிருந்த பாத்திரம் தொட்டிக்குள் விழுந்தது. ராய்ஸ், என்று நினைத்துக்கொண்டேன். ஐயோ, அந்தப் பிள்ளை ராய்ஸ்.

வெர்லினும் அதைத்தான் நினைத்தான். கதவைத் திறந்தவன் நிலையைப் பிடித்துக்கொண்டான். முகத்தில் ரத்தமே இல்லை; கறுப்பு உடுப்பில் இருந்த ட்ராஸ்க்கை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை.

"வெர்லின் ஆமோஸ் ஸ்ட்ரவுட் நீங்கதானா?" என்றார் அந்த அம்மாள். அவர் பெயர் ஹார்டென்ஸ் பிக்ஸ்பி.

"ஆமா மேடம்" என்பது வெளியே வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். ட்ராஸ்க் தன் அட்டையில் சிவப்பு என்று குறித்தார். அந்த அலுவலகம் அதுவரை கண்ட சிவப்புகளில் அதுதான் அசல்.

"நாங்க குடியேற்ற அலுவலகத்துல இருந்து வர்றோம். வீட்டுச் சோதனை."

"ராய்ஸ் இல்லயா? என் தம்பி இல்லயா?"

"உங்க தம்பியப் பத்தி எங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

வெர்லின் எழுந்தான். அழுதுகொண்டே சிரித்தான். ட்ராஸ்க்கை அப்படியே கட்டிக்கொண்டு தரையிலிருந்து தூக்கிவிட்டான். "தேங்க் யூ சார்! ஆண்டவரே, தேங்க் யூ! வாங்க, உள்ள வாங்க, ரெண்டு பேரும் வாங்க!" ட்ராஸ்க் கீழே இறங்கியதும் சிவப்பை அடித்துவிட்டு, மனநிலை மிகச் சிறப்பு என்று எழுதினார்.

அந்த நேரத்துக்குள் தெரு கிளம்பிவிட்டது. சாவு வீட்டுக்கு வெறுங்கையோடு போகிற வழக்கம் எங்களிடம் இல்லை. புதன்கிழமை கொடுத்த வாக்கு யாருக்கும் ஞாபகம் இல்லை. நான் ஓவனிலிருந்த கோழியைத் தட்டோடு எடுத்துக்கொண்டு ஓடினேன். கிம்பல் தம்பதி சீஸ் மக்ரோனியோடு வந்தார்கள். பன்றித் தொடையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர் வந்தார். மிஸ் ஓப்பல் ஒரு கையில் ஊன்றுகோலும் மறு கையில் சுட்ட பீச் பையுமாக வந்தார். பாஸ்டர் செருப்பில்லாமல் வந்தார். எல்லோரும் அழுதுகொண்டே உள்ளே நுழைந்து, ஒருவர் மாற்றி ஒருவர் ஜோஸியைக் கட்டிக்கொண்டோம்.

"யாரும் சாகலை! யாரும் சாகலை!" என்று வெர்லின் அறையறையாகப் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. அதைக் கேட்டு இன்னும் கொஞ்சம் அழுதோம்.

ட்ராஸ்க் மேஜையைச் சுற்றி வந்து பாத்திரங்களை எண்ணினார். மேஜை போதாமல் வாஷிங் மெஷின் மேல் வைத்திருந்ததையும் சேர்த்துக்கொண்டார். பாஸ்டர் அவரை ஓரமாக அழைத்தார். "தம்பி, நாங்க வழக்கமா இவ்வளவு நல்லவங்க இல்ல. நாளைக்கு வந்து பாருங்க. ஒருத்தரும் எட்டிப் பாக்க மாட்டோம்."

"பதிவாயிடுச்சு சார்."

மிஸ் ஓப்பல் நேராக மிஸ் பிக்ஸ்பியிடம் போனார்.

"ஏம்மா, இந்த ஊர்ல கறுப்பு உடுப்புல ரெண்டு பேர் கதவத் தட்டினா என்ன அர்த்தம்னு உங்க ஆபீஸ்ல ஒருத்தருக்கும் தெரியாதா?"

மிஸ் பிக்ஸ்பி சுற்றிப் பார்த்தார். அழுத முகங்களைப் பார்த்தார். தன் கறுப்புக் கோட்டைப் பார்த்தார். அவர் வடக்கேயிருந்து மாற்றலாகி வந்து நெடுஞ்சாலை ஓரத்து மோட்டலில் தங்கியிருந்தவர். புரிந்ததும் கிடைத்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்குத் தெரியாது" என்றார். "சத்தியமா எனக்குத் தெரியாதுங்க."

மிஸ் ஓப்பல் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒரு தட்டில் கோழியும் ஒரு துண்டு பீச் பையும் வைத்து அவர் மடியில் வைத்தார். "சரி, சாப்பிடு. முகம் வெளுத்துக் கிடக்கு."

மறுப்புக் கடிதம் அடுத்த திங்களே வந்தது. இக்குடும்பம் மிதமிஞ்சிய ஆதரவால் சூழப்பட்டுள்ளது. மரிவிக் வழக்கமான வரிசையிலேயே காத்திருக்கலாம். அதாவது வசந்த காலத்தில் வரலாம். வெர்லின் டைரக்டரைப் பார்க்கப் போனான்.

டைரக்டர் எழுந்து வந்து கை குலுக்கினார். "வாங்க மிஸ்டர் ஸ்ட்ரவுட்! உங்களத்தான் தேடிட்டிருந்தேன். எங்க பிரிவோட மிக வேகமான முடிவு உங்களுடையது."

"மறுத்துட்டீங்களே சார்."

"எவ்வளவு வேகமா! வேற ஆபீஸா இருந்தா இந்த மறுப்புக்கு ஒரு வருஷம் ஆகியிருக்கும். அந்த ஒரு வருஷத்த நாங்க உங்களுக்கு மிச்சம் பிடிச்சுக் குடுத்திருக்கோம்."

"என் பொண்ணு ஐடஹோ போகணும் சார்."

"தைரியமான பொண்ணுன்னு ட்ராஸ்க் சொன்னார். இந்த மாதிரிக் குடும்பங்கள்தான் நாட்டுக்கு முதுகெலும்பு. உங்களுக்கு எங்க உதவி தேவைப்படலைங்கறதுல எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? அன்னிக்கு எங்க ஆளுங்க வந்தப்ப தெருவே அழுததாமே. மரியாதைக்கு அப்படி ஒரு சக்தி உண்டு."

வெர்லின் நன்றி சொல்லிவிட்டு வந்தான். அப்படித்தான் அவன் வளர்க்கப்பட்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த பிறகு அவன் எழுந்து, ஜோஸியை ஐடஹோவுக்கு அனுப்பப்போவதாகவும் எல்லோரும் அவளுக்காக ஜெபிக்க வேண்டும் என்றும் சொன்னான். ஜோஸி பெஞ்சில் காலை ஆட்டாமல் உட்கார்ந்திருந்தாள்.

"ஜெபம் இருக்கட்டும்" என்றாள் திருமதி கிம்பல். "திங்களும் செவ்வாயும் எங்க வீட்ல இருக்கட்டும். எங்களுக்குத்தான் மாடியில ரூம் சும்மா கிடக்கே."

"புதன்கிழமை நான்" என்றேன் நான். எனக்கே தெரியாமல் வாய் சொல்லிவிட்டது.

வெள்ளி முதல் ஞாயிறுவரை பாஸ்டர் வீடு என்று ஆனது. வெர்லின் உட்கார மறந்து நின்றான். வியாழக்கிழமைக்குத்தான் ஆள் இல்லை. வியாழன் மதியத்துக்கு மேல் முகாமில் சரக்கு வந்து இறங்கும். அன்று அங்கே வேலை செய்கிற யாரும், நான் உட்பட, இருட்டுவதற்கு முன் வீடு திரும்ப முடியாது. பாஸ்டரும் அவர் மனைவியும் அன்று மதியமே பெரிய ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்க்கப் போய்விடுவார்கள். மிஸ் ஓப்பலோ ஆபரேஷனுக்குப் பிறகு கட்டிலோடுதான் இருப்பார். ஒரு நாள்தான். ஆனால் ஒரு நாளுக்காக ஒரு குழந்தையைத் தெருவில் விட முடியாது. ஐடஹோ மறுபடி எங்கள் நடுவில் வந்து உட்கார்ந்தது.

"வியாழக்கிழமை நான் வரேன்."

கடைசி வரிசையில் மிஸ் பிக்ஸ்பி நின்றிருந்தார். அன்று மிஸ் ஓப்பல் சாப்பாடு கட்டிக் கொடுத்திருந்த பாத்திரத்தைக் கழுவித் திருப்பித் தர வந்தவர், ஆராதனை நடந்ததால் அங்கேயே நின்றுவிட்டார். வெறும் பாத்திரத்தைக் கொடுக்கக் கூடாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள் போலிருக்கிறது. அதில் கடையில் வாங்கிய பிஸ்கோத்துகள் இருந்தன.

சர்ச் முழுவதும் திரும்பிப் பார்த்தது.

"மேடம், உங்க வேலைக்கு ஆபத்து வந்துடாதா?" என்றான் வெர்லின்.

"மறுத்த குடும்பத்தோட எங்களுக்கு எந்தச் சம்பந்தமும் கிடையாதுன்னு விதி. டைரக்டர் தன் கையாலயே எழுதினது." அவர் ஜோஸியைப் பார்த்தார். "வியாழக்கிழமை எனக்கு அரை நாள்தான் ஆபீஸ். எனக்குச் சமைக்க வராது. ஸ்பெல்லிங் சொல்லித் தருவேன். சீட்டு விளையாடத் தெரியும். கொஞ்சம் ஏமாத்துவேன்."

"பரவாயில்ல" என்றாள் ஜோஸி. "நானும் ஏமாத்துவேன்."

அன்று மாலை வெர்லின் மரிவிக்கைக் கூப்பிட்டான். அவளுக்கு அங்கே விடிந்திருந்தது. சேவல் கூவுவது போனில் கேட்டது. நான் ஜோஸியின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தேன். போனை மேஜை மேல் வைத்துச் சத்தமாகவே பேசினார்கள்.

"வேகம் கிடைக்கலை, மரி."

"அப்போ ஜோஸி?"

"ஜோஸி இங்கேயேதான் இருக்கா. ஐடஹோ இல்ல. எல்லாரும் நாள் பிரிச்சுக்கிட்டாங்க. திங்கள், செவ்வாய் கிம்பல் வீடு. புதன் எதிர்வீடு."

"வியாழன்?"

"அன்னிக்கு ராத்திரி எதிர்வீடு. அதுவரைக்கும்... ஆபீஸ்ல இருந்து ஒரு அம்மா."

"எந்த ஆபீஸ்?"

"நம்மள மறுத்த ஆபீஸ்தான்."

எனக்குப் பயமாக இருந்தது. அவள் இடத்தில் நானாக இருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது.

"அந்த அம்மாவுக்கு அங்க யாரு இருக்கா?" என்று கேட்டாள் மரிவிக்.

"யாரும் இல்லன்னுதான் தோணுது. மோட்டல்ல தனியா இருக்காங்க."

"அப்போ சாயங்காலம் குழந்தைய விட்டுட்டு அப்படியே போக விடாதீங்க. ராத்திரிச் சாப்பாட்ட அங்கேயே முடிச்சிட்டுப் போகச் சொல்லுங்க. யாராவது ஒரு தட்டு கூட வைக்கச் சொல்லுங்க."

வெர்லின் என்னைப் பார்த்தான். நான் சரியென்று தலையை ஆட்டினேன்.